போதைப்பொருட் கடத்தலும் அயல்நாடுகளின் ஒத்துழைப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவுக்கு வந்து பேசவேண்டுமென்று உங்கள் செயலாளர் என்னைக் கேட்டபோது, திருமுறைச் சிறப்பைப் பற்றியோ ஆலய வழிபாட்டைப் பற்றியோதான் பேசச் சொல்வார் என்று எண்ணினேன். அவர் தந்த பொருள் வேறு. "நம்மூர்ப் பொடியள் இரண்டு பேர் விளக்கமறியலிலே இருக்கிறார்கள். ஒருவன் நம் சங்கத்துப் பண்ணிசைப் போட்டியிலே பரிசு வாங்கியவன். இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது ஐயா?" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே இந்தப் பொருளை ஏற்றுக்கொண்டேன்.

அந்தப் பிள்ளையின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. சொல்லாமலே உங்களிற் பலருக்குத் தெரியும். நான் பேச வந்த விஷயமும் அதிலேதான் தொடங்குகிறது. அவன் வகுப்புக்கு வராத நாட்கள் எத்தனை என்று வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருந்தது. புதுச் சைக்கிளைப் பாதி விலைக்கு விற்றான் என்பது சைக்கிள் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. நரம்பு நோவுக்குக் கொடுக்கும் பிரெகாபலின் குளிசையை வைத்தியரின் துண்டு இல்லாமல் கேட்டான் என்பது மருந்துக் கடையிலே நின்ற பையனுக்குத் தெரிந்திருந்தது. இரவு இரண்டு மணிக்குக் கரையிலே யாருடைய வள்ளத்துக்காகக் காத்து நின்றான் என்பது கரைவலைக்காரர் இருவருக்குத் தெரிந்திருந்தது. பெற்ற தாய்க்கு அவன் கண்ணைப் பார்த்தே தெரிந்திருந்தது. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது. அந்தத் துண்டுகளை ஒன்றாய் வைத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை. முழுவதையும் அறிந்திருந்தவன் ஒருவனே. அவன் அந்தப் பிள்ளையைக் கூலிக்கு அமர்த்தியவன்.

நாடுகளுக்கிடையே நடப்பதும் ஏறக்குறைய இதுவே. கடத்துகிறவனுக்கு ஐந்து நாடுகளின் கரையும் ஒரே சந்தை. பிடிக்க வேண்டியவர்களுக்கோ ஒவ்வொரு கரையும் ஒவ்வொரு சட்டம், ஒவ்வொரு பாஷை, ஒவ்வொரு திணைக்களம். ஒரு நாட்டுச் சுங்கத்துக்குப் படகின் பெயர் தெரியும். அடுத்த நாட்டுப் பொலிசுக்குப் பணம் போன வழி தெரியும். மூன்றாவது நாட்டுக் கடற்படைக்கு அந்தப் படகு நின்ற இடம் தெரியும். மூவரும் பேசிக்கொள்ளுமுன் சரக்குக் கரையேறிவிடுகிறது.

இதிலே பழைய கதை ஒன்று உண்டு. இன்று அரசாங்கங்கள் கடத்தற்காரரைத் துரத்துகின்றன. முன்னொரு காலத்தில் அபினைக் கடல் கடந்து கொண்டுபோய் விற்கும் வியாபாரத்தின் வேர் ஓர் அரசாங்கத்திலேயே இருந்தது. கங்கைக் கரையிலே காசிப்பூரிலும் பாட்னாவிலும் கிழக்கிந்தியக் கொம்பனியின் தொழிற்சாலைகளில் அபின் கட்டப்பட்டு, கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டு, சீனத்துக்குப் போயிற்று. வேண்டாம் என்று சீனம் தடுத்தபோது 1839 முதல் 1842 வரை ஒரு யுத்தம், 1856 முதல் 1860 வரை மற்றொரு யுத்தம். அந்த வருமானத்தால் அரசாங்கங்கள் நடந்தன. ஒரு நாடு தன்னளவில் தடை போட்டாற் போதாது, விளைவிக்கிறவனும் ஏற்றுகிறவனும் வாங்குகிறவனும் ஒரே மேசையில் இருந்து பேசவேண்டும் என்ற எண்ணம், உலகம் இவ்வளவும் பட்ட பின்னரே உதித்தது. 1909ஆம் ஆண்டு ஷங்காய் நகரிலே பதின்மூன்று நாடுகள் கூடின. 1912இல் ஹேக் நகரில் முதல் உடன்படிக்கை எழுதப்பட்டது. இலங்கையின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டினது. அதன் பின்னர் 1961, 1971, 1988 ஆகிய ஆண்டுகளிலே ஐக்கிய நாடுகளின் மூன்று பெரிய உடன்படிக்கைகள் வந்தன. ஒரு நாடு மற்ற நாட்டுக்குச் சாட்சியம் அனுப்புவது, குற்றவாளியை ஒப்படைப்பது, நடுக்கடலிலே அயலான் கப்பலைச் சோதிக்க அனுமதி கேட்பது ஆகியவற்றுக்கு விரிவாக வழி சொன்னது 1988இன் வியன்னா உடன்படிக்கையே.

நடுக்கடல் என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஏனெனில் முடிச்செல்லாம் அங்கேதான் இருக்கிறது. கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை நம் நாட்டின் சட்டம் முழுமையாகச் செல்லும். இருநூறு மைல் வரை மீனும் கடலடித் திரவியமும் நமக்குரியவை. ஆயினும் அங்கே பிறநாட்டுக் கொடியுடன் போகும் கப்பலுக்குள் ஏறி, "பெட்டியைத் திற" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. கொடிக்குரிய நாட்டைக் கேட்கவேண்டும். கேட்டால் அந்த நாடு, "ஆம், அது எங்கள் கப்பல்தான், சோதிக்கலாம்" என்று விரைவாக விடை தரவேண்டும் என்கிறது வியன்னா உடன்படிக்கையின் பதினேழாம் உறுப்புரை. விரைவாக என்றால் எத்தனை மணித்தியாலம்? அந்த மறுமொழியை எழுத வேண்டிய உத்தியோகத்தர் வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது? கப்பல் திங்கட்கிழமை வரை காத்து நிற்குமா?

பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் சொந்தமான மக்ரான் கரையிலிருந்து பாய்மர வடிவிலான பழைய மரக்கலங்கள் புறப்படுகின்றன. அவற்றிற் பல கொடியும் இல்லாதவை, பதிவும் இல்லாதவை. அவை அரபிக்கடலிலே தெற்கு நோக்கி வந்து, நம் நாட்டுத் தென்கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாட் கலங்களை நடுக்கடலில் சந்திக்கின்றன. சாற்றலைற் தொலைபேசியிலே இடம் குறிக்கப்படுகிறது, மூட்டைகள் கைமாறுகின்றன, மரக்கலம் வந்த வழியே திரும்புகிறது. கரைக்கு அருகில் மீண்டும் சிறு படகுகளுக்கு மாற்றம். மூன்று கை மாறும் சரக்கிலே முதற்கைக்குக் கடைசிக்கையைத் தெரியாது. இது பிழைப்புக்காகச் செய்யும் சில்லறைக் களவல்ல, கணக்குப்பிள்ளை வைத்து நடத்தும் வியாபாரம்.

இந்த வழியில் ஒத்துழைப்பு என்ன செய்யும் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2021 மார்ச் மாதத்தில் மினிக்கோய்த் தீவுக்கு அப்பால் இந்தியக் கரையோரக் காவற்படை இலங்கைப் படகொன்றை மறித்தது. அதில் ஏறத்தாழ முந்நூறு கிலோ ஹெரோயினும் ஐந்து ஏ.கே. 47 துவக்குகளும் இருந்தன. போதைப்பொருளும் துவக்கும் ஒரே படகிலே வந்தன என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். "ஒருவன் தன் காசிலே புகைக்கிறான், உங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு அந்தப் படகே விடை. மற்றது 2024 நவம்பரில் நடந்தது. இலங்கைக் கடற்படை தான் அறிந்த தகவலை இந்தியக் கடற்படைக்குக் கொடுத்தது. இந்திய விமானங்கள் அரபிக்கடலைத் தேடின. இலங்கைக் கொடியுடைய இரண்டு மீன்பிடிக் கலங்கள் பிடிபட்டன. ஐந்நூறு கிலோ அளவான ஐஸ் என்னும் மெத்தம்பெட்டமைன் அகப்பட்டது. படகுகளும் ஆட்களும் சரக்கும் விசாரணைக்காக இலங்கையிடமே ஒப்படைக்கப்பட்டன. தகவல் நம்முடையது, விமானம் அவர்களுடையது, நீதிமன்றம் நம்முடையது. இதுதான் ஒத்துழைப்பு. இதற்கு மேடையும் மாலையும் வேண்டியதில்லை.

எல்லா முறையும் இப்படி முடிவதில்லை. பஹ்ரேனைத் தலைமையிடமாகக் கொண்ட பல நாட்டுக் கூட்டுக் கடற்படையிலே 2023இல் இலங்கையும் சேர்ந்தது. அந்தக் கப்பல்கள் அரபிக்கடலில் தொன்கணக்கான போதைப்பொருளைப் பிடித்து அழித்திருக்கின்றன. ஆனால் பிடிபட்ட மரக்கலத்திலே இருந்த மாலுமிகளைப் பல வேளைகளில் படகோடு போகவிட்டுவிடுகிறார்கள். எந்த நாட்டு நீதிமன்றத்தில் அவர்களை நிறுத்துவது, எந்தப் பாஷையில் விசாரிப்பது, சாட்சி சொல்ல எந்தக் கப்பலின் தளபதி எத்தனை முறை வருவார் என்பவற்றுக்கு ஏற்பாடில்லாமையே காரணம். சரக்குப் போனது முதலாளிக்கு நட்டம், அவ்வளவுதான். அடுத்த மாதம் அதே மாலுமி வேறு படகில் வருவான்.

உடன்படிக்கைகள் நமக்குக் குறைவா என்றால், இல்லை. கொழும்புத் திட்டத்தின் போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவு 1973இலேயே தொடங்கியது. சார்க் நாடுகள் 1990 நவம்பரில் மாலைதீவிலே போதைப்பொருள் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டன. 1992இல் அந்த நாடுகளின் தகவல்களைத் திரட்டும் பணிமேசை கொழும்பிலேயே அமைந்தது. 2016இல் இந்து சமுத்திர நாடுகள் கொழும்பிலே கூடி ஒரு பிரகடனம் செய்தன. கொழும்புப் பாதுகாப்பு மாநாடு என்னும் அமைப்புக்கு 2024 ஆகஸ்டிலே சாசனம் எழுதப்பட்டது. இவற்றிற் பெரும்பாலானவை நம் தலைநகரின் பெயரைத் தாங்கியோ அங்கு கூடியோ பிறந்தவை என்பதிலே நமக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் 1990இலே கையெழுத்திட்ட சார்க் உடன்படிக்கைக்கு உள்நாட்டிலே வலுவளிக்கும் சட்டம் நம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2008ஆம் ஆண்டிலே. பதினெட்டு வருஷம்! கையெழுத்திட்ட ஆண்டில் பிறந்த பிள்ளை அதற்குள் வாக்குரிமை பெற்றுவிட்டான். சார்க் தலைவர்களின் கடைசி மாநாடு 2014இலே காத்மண்டுவில் நடந்தது. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்தது நடவாமற் போனது. சரக்குப் புறப்படும் கரை பாகிஸ்தானுடையது. அது கடந்து போகும் கடலின் அருகே காவல் நிற்பது இந்தியா. அந்த இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடுவிலே நாம் இருக்கிறோம்.

இனி நம்முடைய வடகடலுக்கு வருவோம். தென்கரைக்கு வருவது ஹெரோயினும் ஐசும் என்றால், நம் கரைக்கு வருவது பெரும்பாலும் கஞ்சா. இங்கே அதைக் கேரளக் கஞ்சா என்கிறார்கள். பெயர்தான் கேரளம். அதிற் பெரும்பகுதி விளைவது ஆந்திரத்துக்கும் ஒடிசாவுக்கும் இடையேயுள்ள மலைகளிலே. அங்கிருந்து தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து, இரவோடிரவாக நம் கரைக்கு வருகிறது. கோடிக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓர் இரவின் சிறு பகுதிக்குள் ஓடிக் கடக்கும் தூரமே. 1974இலும் 1976இலும் இரண்டு அரசாங்கங்களும் இந்தக் கடலிலே எல்லை வகுத்தன. அந்த எல்லையைக் கடந்து இழுவைப்படகுகள் வருவதும், வலைகள் அறுவதும், கைதும், விடுதலையும், கண்ணீரும் நாம் நாள்தோறும் காண்கின்றவை. அந்த வழக்கைத் தீர்ப்பது என் விஷயமன்று. ஆனால் ஒன்று சொல்வேன். இரு கரைக் கடற்படையும் மீனவர் பிணக்கிலே மூழ்கியிருக்க, நூறு படகுகளின் நடுவே ஒரு படகு விளக்கை அணைத்துக்கொண்டு நழுவிவிடுகிறது. இரு கரையிலும் நேர்மையான மீனவருக்கே எந்தப் படகு மீனுக்குப் போகவில்லை என்பது முதலிலே தெரியும். அவர் யாரிடம் சொல்வார்? தன்னைப் பிடிக்க வருகிற அதே கப்பலிடமா?

இங்கே பெரியோர்களிடம் ஒரு வார்த்தை, கோபிக்க வேண்டாம். நம் வடகரையிலே கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல் 1938இலே அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகம் வரை ஓடியது என்று மார்தட்டுகிறோம், தட்டவேண்டியதுதான். ஆனால் சுதந்திரத்துக்குப் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்த காலத்தில், அதே கடலிலே சேலையும் சாமானும் களவாக வந்தபோது நாம் கண்ணை மூடிக்கொண்டோம். சிலர் அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு கோவிலுக்கும் போனோம். "அரசாங்கத்தின் வரிதானே போகிறது, யாருக்கு என்ன கெடுதி?" என்று சொன்னோம். அந்தப் பாதையும், அந்தக் கையும், அந்த மௌனமும் அப்படியே இருந்தன. மூட்டைக்குள் இருந்த பொருள்தான் மாறியது.

இந்த நிலைக்கு மருந்து என்ன? மேக்கொங் நதிக்கரையைப் பார்க்கச் சொல்வேன். பர்மா, லாவோஸ், தாய்லாந்து மூன்றும் சந்திக்கும் தங்க முக்கோணம் என்ற மலைநாட்டில், அபினும் இப்போது மெத்தம்பெட்டமைனும் உண்டாகின்றன. ஆப்கானிஸ்தானில் 2022 ஏப்ரலிலே தலிபான் தடை விதித்தபின், அங்கே கசகசாச் செடி பயிரிட்ட நிலம் 2,33,000 ஹெக்டயரிலிருந்து 2023இலே 10,800 ஹெக்டயராகக் குறைந்தது. அவ்வாண்டு உலகிலே அதிகம் அபின் விளைந்த நாடு பர்மாவாயிற்று. ஓரிடத்தில் அமுக்கினால் மறுவிடத்தில் வீங்குகிறது. அந்த மேக்கொங் நதியிலே 2011 அக்டோபரில் இரண்டு சரக்குக் கப்பல்களில் இருந்த சீன மாலுமிகள் பதின்மூவர் கொல்லப்பட்டார்கள். கப்பலிலே போதைக் குளிசைகள் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரிலேயே சீனம், லாவோஸ், பர்மா, தாய்லாந்து நான்கும் சேர்ந்து நதியிலே கூட்டுக் காவல் ஓட்டத் தொடங்கின.

கூட்டுக் காவலைவிட என் மனத்தைக் கவர்ந்தது வேறு. 1999 முதல் அந்தப் பிரதேசத்து எல்லைகளிலே ஐக்கிய நாடுகளின் உதவியோடு சிறிய தொடர்பு அலுவலகங்களை அமைத்து வந்திருக்கிறார்கள். எல்லையின் இந்தப் பக்கம் ஒரு மேசை, அந்தப் பக்கம் ஒரு மேசை. இந்த மேசையில் இருப்பவருக்கு அந்த மேசையில் இருப்பவரை முகம் தெரியும். தலைநகருக்கு எழுதி, அங்கிருந்து வெளிநாட்டமைச்சுக்குப் போய், மறு தலைநகருக்குப் போய் வரவேண்டிய செய்தி, அவ்விரு மேசைகளுக்கிடையே நேராகப் போய்விடுகிறது. நீதிமன்றத்துக்கு வேண்டிய முறையான கடிதங்கள் பின்னர் வரட்டும். படகு இன்றிரவு வருகிறது என்ற செய்தி இன்றே போகவேண்டும் அல்லவா? இதனால் அங்கே சரக்கு நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் 2024இலே பிடிபட்ட மெத்தம்பெட்டமைன் மட்டும் 236 தொன். பிடிபட்டதே அவ்வளவென்றால் பிடிபடாதது எவ்வளவோ. ஆனாலும் அந்த மேசைகளில்லாமல் அதிற் கொஞ்சமும் பிடிபட்டிராது என்பது என் எண்ணம். பருத்தித்துறையிலோ தலைமன்னாரிலோ ஒரு மேசை, நாகப்பட்டினத்திலோ இராமேசுவரத்திலோ ஒரு மேசை. இரண்டிலும் இருப்பவர்கள் தமிழ் பேசுவார்கள். துவிபாஷி கூட வேண்டியதில்லை.

மேசை போட்டால் மட்டும் போதுமா? மேசையிலே இருப்பவரை மறுகரையான் நம்பவேண்டும். 2020ஆம் ஆண்டிலே நம் நாட்டுப் பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தின் உத்தியோகத்தர் பலர், பிடித்த ஹெரோயினையே விற்றார்கள் என்ற குற்றச்சாட்டின்பேரிற் கைதுசெய்யப்பட்டார்கள். அந்தச் செய்தியை அயல்நாட்டுப் பொலிசாரும் வாசித்திருப்பார்கள். ஒரு பொதியைப் பிடிக்காமல் பின்தொடர்ந்து சென்று, அது போய்ச் சேரும் பெரிய புள்ளியைப் பிடிக்கும் முறை ஒன்று வியன்னா உடன்படிக்கையிலே சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு இரண்டு நாடுகளும் சில நாட்கள் இரகசியம் காக்கவேண்டும். மறுகரையிலே ஒருவர் வாயைத் திறந்துவிடுவார் என்ற ஐயம் இருந்தால், யார் அந்தப் பரீட்சைக்கு இறங்குவார்?

மரணதண்டனை பற்றியும் பேசவேண்டும். இளைஞர்கள் பலர் "தூக்கிலே போட்டால்தான் திருந்துவார்கள்" என்கிறார்கள். இரண்டு கிராம் ஹெரோயினுக்கு மேல் வைத்திருந்தால் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என்று 1984இலிருந்து நம் சட்டம் சொல்கிறது. 2022இலே ஐசையும் அந்தக் கடுமையான சட்டத்துக்குள் சேர்த்தார்கள். ஆனால் 1976க்குப் பின் இந்நாட்டிலே ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இலே போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வருக்கு அப்போதைய ஜனாதிபதி ஒப்பமிட்டபோது உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. தர்மசாஸ்திர விவாதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, என் பொருளுக்குரிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். மரணதண்டனையை ஒழித்த நாடுகள் பல. அவை, தூக்குக் கிடைக்கக்கூடிய வழக்குக்குக் குற்றவாளியை ஒப்படைக்கத் தயங்கும், உறுதிமொழி கேட்கும், சில வேளை சாட்சியத்தையும் தர மறுக்கும். பெரிய முதலாளிகள் இருப்பது அப்படிப்பட்ட நாடுகளிலும் வளைகுடாவிலுந்தான். கயிற்றைக் காட்டிப் பயமுறுத்த, பயப்படுகிறவன் மூட்டை சுமந்த பொடியன். முதலாளி அந்தக் கயிற்றையே கேடயமாய்ப் பிடித்துக்கொண்டு வெளிநாட்டிலே இருக்கிறான். 2025 ஆகஸ்டிலே இந்தோனேசியப் பொலிசார் இலங்கையின் பாதாள உலகத் தலைவர்கள் சிலரை ஜகார்த்தாவில் வைத்துப் பிடித்து நம்மிடம் அனுப்பினார்கள். அந்த ஒரு செயல், இங்கே ஆயிரம் பொடியளைப் பிடித்து அடைத்ததிலும் பெரிது என்று நான் மதிக்கிறேன்.

ஆயிரம் என்பது மிகையன்று. 2023 டிசம்பரிலே தொடங்கிய யுக்திய என்ற பொலிஸ் நடவடிக்கையில் சில வாரங்களிலேயே பல்லாயிரம் பேர் கைதானார்கள். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் அதைப்பற்றிக் கவலை தெரிவித்தது. பாவிக்கிறவனையும் விற்கிறவனையும் ஒரே வலையில் அள்ளி ஒரே அறையிலே போட்டால், பாவிக்கிறவன் விற்கக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறான். நோயாளிக்கு வைத்தியம், வியாபாரிக்குச் சிறை. இந்த வேறுபாட்டைப் பொலிசாரும் காணவேண்டும், நாமும் காணவேண்டும். காய்ச்சல் என்றால் ஊரெல்லாம் சொல்லும் நாம், பிள்ளை ஐசுக்கு அடிமையானால் கொழும்பிலே மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "படிக்கப் போயிருக்கிறான்" என்கிறோம். அந்தப் பிள்ளை அங்கே நல்ல சரக்கை இன்னும் இலகுவாகக் கண்டுபிடிக்கிறான்.

இன்னொன்று, இது நம் சங்கத்துக்கே உரியது. சிவராத்திரி இரவிலே சில வாலிபர்கள், "சிவபெருமானே கஞ்சா குடித்தவர்தானே" என்று பகிடி பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வடநாட்டிலே சில இடங்களில் பங்கு குடிக்கும் வழக்கம் உண்டு என்பது உண்மை. நம் சைவத்திலே அதற்கு இடம் எங்கே? கொலை, களவு, கள், காமம், பொய் என்ற ஐந்தையும் பஞ்சமாபாதகம் என்று பாட்டிமார் சொல்லித் தந்தார்கள். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓரதிகாரம் வைத்தார். நாவலர் பெருமான் பாலபாடத்திலே கள்ளுண்ணலைத் தனிப்பாடமாக்கினார். சிவன் உண்டது நஞ்சு. அதுவும் மற்றவர்களுக்குப் போய்ச் சேராதபடி கண்டத்திலே நிறுத்தினார். பிறர் பிள்ளைக்கு நஞ்சை விற்கிறவன் நீலகண்டன் படத்தைச் சட்டைப்பையிலே வைத்திருப்பது எனக்கு விளங்கவேயில்லை.

நான் இங்கு வருமுன் உங்கள் சங்கத்து இளைஞர் ஒருவர் தனியே வந்து கேட்டார்: "ஐயா, தெரிந்ததைச் சொன்னால் எங்கள் பெயர் வெளியே போகாதா?" போகாது என்று உறுதி சொல்ல எனக்கு அதிகாரமில்லை, போன சந்தர்ப்பங்களும் உண்டு என்பதை மறைக்கவும் மாட்டேன். ஆகையால் ஓர் ஏற்பாட்டைத் தலைவரிடம் சொல்லி அவருடைய சம்மதத்தையும் பெற்றிருக்கிறேன். சங்கத்து வாசிகசாலையின் பின்னறையிலே ஒரு மேசை. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் ஒரு மணித்தியாலம், இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரும், வைத்தியசாலை மனநலப் பகுதியிலே வேலை செய்த தாதி அம்மையார் ஒருவரும், நானும் அங்கே இருப்போம். பெயரெழுதும் கொப்பி கிடையாது. பிள்ளையைப் பற்றிச் சொல்ல வருகிற தாய்க்கு வைத்தியத்துக்கு வழி காட்டுவோம்; படகைப் பற்றிச் சொல்ல வருகிறவரின் செய்தியை, அவர் பெயரில்லாமல், கேட்க வேண்டியவரிடம் நாங்களே எங்கள் பெயரிலே கொண்டுபோய்ச் சேர்ப்போம். எங்கள் மூவருக்கும் வயது போய்விட்டது. எங்களை யாரும் பயமுறுத்தினால் இழப்பதற்கு அதிகமில்லை.

விளக்கமறியலிலே இருக்கும் அந்தப் பண்ணிசைக்காரப் பிள்ளையை வருகிற திங்கட்கிழமை நான் பார்க்கப் போகிறேன். அவனுக்குத் திருவாசகப் புத்தகமொன்று வேண்டுமாம். சங்கத்து நூலகத்திலே இரண்டு பிரதி இருப்பதாகக் கேள்வி. ஒன்றை நூலகர் இன்றே எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.